இருவராய்ப் புறப்பட்டவர்

மட்டக்களப்பு நகரிலே, வாவி சூழ்ந்த புளியந்தீவில், நீர்க்கரையை அடுத்து ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் சிலை நிற்கின்றது. பள்ளி செல்லும் பிள்ளைகளும் பணிக்கு விரையும் பெரியோரும் நாள்தோறும் அதனைக் கடந்து போகின்றனர். வில்லியம் ஓல்ட் என்ற பெயரையும் 1814 என்ற ஆண்டையும் நம் மாணவர் அறிவர். மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தோற்றத்துக்கு மூலவர் இவரே என்பதும் அவர்கள் கேட்டுப் பழகிய செய்திதான். ஆயினும் அவர் இந்நகரில் முதன்முதல் கால் வைத்த நாளில் எந்நிலையில் வந்தார் என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கணவனும் மனைவியுமாய்ப் புதுநாடு காணக் கப்பலேறியவர், கரையிறங்கியபோது தனியராய் இறங்கினார்.

அக்காலத்து இலங்கையின் கரையோரப் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையை விட்டு ஆங்கில முடியின் நேராட்சிக்கு வந்திருந்தன. இந்தியாவிலே கம்பெனியார் பாதிரிமாரை ஐயக் கண்கொண்டே நோக்கினர். இலங்கையிலோ அத்துணைத் தடையில்லை. இங்கே பிரதம நீதியரசராயிருந்த சர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், இந்நாட்டுக்குத் தொண்டர் வரவேண்டுமென்று இங்கிலாந்திலிருந்தோரைத் தூண்டினார். அதனைச் செயலாக்க முன்வந்தவர் டாக்டர் தோமஸ் கோக். அறுபத்தாறு வயது முதியவர். திருச்சபையார் செலவுக்கு அஞ்சித் தயங்கியபோது, தம் கைப்பொருளிலிருந்து ஆறாயிரம் பவுண் வரை தருவதாக அவர் முன்வந்தார் எனின், அவர்தம் ஊக்கத்துக்கு வேறு சான்று வேண்டா.

1813 டிசம்பர் 30ஆம் நாள் இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. லின்ச், ஓல்ட், எர்ஸ்கின், ஹாவார்ட், ஸ்குவான்ஸ், கிளப் என்னும் அறுவர் இலங்கைக்கென அவற்றில் ஏறியிருந்தனர். அவருள் மனைவியரை உடனழைத்து வந்தவர் ஓல்ட், ஹாவார்ட் ஆகிய இருவரே. ஓல்ட் தம்பதியர் ஏறிய கப்பலின் பெயர் லேடி மெல்வில். டாக்டர் கோக்கும் ஹாவார்ட் தம்பதியரும் மற்றைய கப்பலாகிய கபால்வாவில் வந்தனர்.

இந்நாளில் ஒரு பகற்பொழுதில் வானூர்தி கடந்துவிடும் தூரம் அன்று ஐந்து மாதப் பயணம். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வரல் வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத நாள்கள் வாரங்களாய் நீண்டன. புறப்பட்டு ஆறு வாரம் சென்றபின், 1814 பெப்ரவரி 10ஆம் நாள், ஓல்டின் மனைவியார் கப்பலிலேயே உயிர் நீத்தார். கடலில் இறந்தோர்க்குக் கடலே கல்லறை. பின்னொருநாள் திரும்பிவந்து பார்ப்பதற்கு ஒரு மண்மேடுகூட இல்லாத பிரிவு அது. அவர் அடைய எண்ணிய நாட்டை அடைய இன்னும் நான்கு மாதத்துக்கு மேற்பட்ட பயணம் எஞ்சியிருந்தது. பம்பாய் சேரும்வரை அதே கப்பலிலேயே, இருவர்க்கென ஒதுக்கப்பெற்ற இடத்தில், ஓல்ட் வாழ்ந்தாக வேண்டியிருந்தது.

துன்பம் அத்தோடு நிற்கவில்லை. மே 3ஆம் நாள் காலையில் டாக்டர் கோக் தம் அறையில் இறந்து கிடக்கக் கண்டனர். இந்துமாக்கடல் அவரையும் ஏற்றுக்கொண்டது. தலைவரும் அவரே, பணப்பொறுப்பாளரும் அவரே. அவர் மறைந்ததும் எஞ்சிய இளைஞர் கையில் கடன் வாங்குவதற்குரிய பத்திரந்தானும் இல்லாத நிலை ஏற்பட்டது.

மே 21ஆம் நாள் பம்பாய் தெரிந்தது. அவர்கள் கண்ட முதல் கீழைத்தேச நகரம் அதுவே. கோட்டை மதில் சூழ்ந்த துறைமுகம். பாரசீகரும் அராபியரும் குஜராத்தி வணிகரும் கலந்து நெருங்கிய தெருக்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னைய புழுக்கம். ஹாவார்டும் அவர் மனைவியாரும் இப்புதுநகரின் தெருக்களை ஒருங்கே கண்டிருப்பர். ஒருவர் கண்டு வியந்ததை மற்றவர்க்குக் காட்டுதலும், ஒருவர் அஞ்சியபோது மற்றவர் தேற்றுதலும் அவர்க்குக் கிடைத்த பேறு. அத்தெருக்களிலேயே ஓல்டும் நடந்தார். அவர் உள்ளம் என்ன பட்டிருக்கும் என்பதை எழுதிக் காட்ட நாம் முயல வேண்டுவதில்லை. படிப்போரில் துணையை இழந்தவர் இருப்பின் அவர்க்கு அது தெரியும்.

பணக்கவலையைத் தீர்த்தவர் ஓர் ஆங்கிலேயப் பெருமகனார். அவர் பெயரே மனி என்பது. பணத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் அதுவே. இடுக்கணில் இருந்த அவ்விளைஞர்க்கு இறைவன் சற்று நகைச்சுவையோடும் உதவினான் போலும்! பம்பாய்த் தேசாதிபதி சர் எவான் நெப்பியனும் அவர்களை ஆதரித்தார். ஹாவார்டின் மனைவியார் கருவுற்றிருந்தமையின் அத்தம்பதியர் பம்பாயில் தங்கிவிட, மற்றை ஐவரும் கப்பலேறி ஜூன் 29ஆம் நாள் காலியை அடைந்தனர்.

ஜூலை மாதத்தில் காலியிற் கூடி இடங்களைப் பங்கிட்டுக்கொண்டனர். லின்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு, எர்ஸ்கின் மாத்தறைக்கு, கிளப் காலியிலேயே. மட்டக்களப்பு ஓல்டுக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்கு இருவர் சென்றனர். எவரினும் துணை வேண்டியிருந்தவர் தனியே போனார். இப்பங்கீட்டை நினைக்கும்போது நமக்கு இன்றும் சிறிது மனக்குறை உண்டாகின்றது. ஆனால் ஆள் போதாமையே அதற்குக் காரணமென்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

காலியிலிருந்து ஒரு சிறு தோணியிலே அவர் புறப்பட்டார். மூன்று நாளில் முடியுமென்று எண்ணிய பயணம் எட்டு நாளாக நீண்டது. கையிலிருந்த உணவு குறைய, நிழலற்ற தோணியில் வெயில் காய, அவர் இளைத்துக் களைத்து வந்து சேர்ந்தார். மட்டக்களப்பில் அது கச்சான் வீசும் பருவம். மேற்கிலிருந்து வரும் அவ்வறட்காற்றின் வெம்மையை இப்பகுதியார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர் கண்ட மட்டக்களப்பு எத்தகையது? ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை நீரோரத்தில் நின்றது. அதனுள்ளே ஆங்கிலச் சிப்பாய்கள் இருந்தனர். சுற்றிலும் வாவி. கல்லடிப் பாலம் தோன்ற இன்னும் நூறாண்டுக்கு மேல் செல்லவேண்டும். அக்கரை செல்லத் தோணியே வழி. போர்த்துக்கேயம் பேசும் பறங்கியர் சில குடும்பம். தென்னஞ்சோலைகளுக்கு அப்பால், படுவான்கரையில் வயல்கள், கண்ணகி கோயில்கள், கூத்துக் களரிகள். இவற்றின் நடுவே அப்போது ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியிருந்தது. மக்கள் பலர் மாண்டுகொண்டிருந்தனர். முதல்நாள் ஊர் பார்க்கப் புறப்பட்ட அயல்நாட்டார் கண்ட காட்சி பிணப்பறையும் நோயாளர் குடிசையுமாயிருந்தது எனின் மிகையன்று.

திரும்பிப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் குறைகூறுவாரும் இல்லை. அவர் செய்ததோ வேறு. கோட்டையிலிருந்த சிப்பாய்களுக்கும் ஆங்கிலம் அறிந்தோர்க்கும் வழிபாடு நடத்தினார். தமிழ் கற்கத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். சமயம் பரப்புதலே அவர் முதல் நோக்கம். அதனை மறைத்துப் புகழ்வது நேர்மையன்று. அவர் வருமுன் இங்கே கல்வியே இல்லையென்று சிலர் மேடைகளில் முழங்குவதும் பிழை. ஓலையும் எழுத்தாணியும் கொண்ட திண்ணைப் பள்ளிகள் நம் ஊர்களில் இருந்தன. ஒல்லாந்தரும் கோயிற்பற்றுப் பள்ளிகளை நடத்தினர். ஓல்ட் கொணர்ந்தது ஆங்கிலக் கல்வியின் தொடக்கம். அதன் விளைவு நன்றும் தீதும் கலந்தது என்பதை நாம் அறிவோம்.

ஒரு மொழியைக் கற்பது வாழ்வைப் பகிர்வதற்கு ஒப்பு. வீட்டிலே பேச ஒருவருமில்லாத மனிதர், அண்டை அயலாரின் மொழியை எழுத்துக்கூட்டிக் கற்ற மாலைப்பொழுதுகளே அவர் கட்டிய பள்ளியினும் நம் நெஞ்சைத் தொடுகின்றன. வெப்பமும் ஓயாத உழைப்பும் உடலை அரித்தன. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டியரசு ஆங்கிலேயர் வசமான செய்தி தீவெங்கும் பரவியது. அதற்கு ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் முதல் நாளன்று, ஓல்ட் மட்டக்களப்பிலே காலமானார். அவர் இங்கு வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதம். மனைவியாரைப் பிரிந்து ஓராண்டும் ஏழு வாரமும்.

பம்பாயில் தங்கிய ஹாவார்ட் தம்பதியர் குழந்தையோடு இலங்கை வந்து, கொழும்பிலே அச்சுக்கூடமும் ஆலயமும் அமைய உழைத்தனர். கிளப் சிங்கள அகராதி தொகுத்துப் பெயர் பெற்றார். இவ்வாறு நீண்ட பணிக்கு ஓல்டுக்கு நாளில்லை. எனினும் அவர் தொடங்கிய பள்ளி மறையவில்லை. மத்திய கல்லூரி தன் பிறப்பை 1814இலிருந்தே எண்ணுகின்றது. மெதடிஸ்த சபையார் பின்னர் வாவியின் தென்பால் ஊர்களிலும் பள்ளிகளை எழுப்பினர். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன் ஆங்கிலம் கற்கப் புகுந்தது கல்முனையிலிருந்த அத்தகைய ஒரு பள்ளியில்தான். அவரைத் தமிழுலகம் பின்னர் விபுலாநந்த அடிகள் என்றழைத்தது.