றெஜினால்ட் பெசன்டன் (1866 – 1932)

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1866 ஒக்டோபர் 6ஆம் திகதி பிறந்தவர் றெஜினால்ட் ஒப்ரே பெசன்டன். இவர் பட்டம் எதுவும் பெறாதவர். எனினும் தோமஸ் அல்வா எடிசனின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பின்னர், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டில் பேராசிரியராக விளங்கினார். 1900 டிசெம்பரில் மனிதக் குரலைக் கம்பியின்றி ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் தூரத்துக்கு அனுப்பிக் காட்டினார். வானொலி என்றதும் மார்க்கோனியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் மாணவர்கள் இப்பெயரையும் நினைவில் வைத்திருத்தல் நன்று.

முதல் போட்ட இரு செல்வந்தருடன் ஏற்பட்ட பிணக்கினால், 1911இல் தமது கம்பனியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். கண்டுபிடிப்புகளின் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது.

1912 ஏப்ரலில் ரைற்றானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. ஏறத்தாழ 1500 பேர் உயிரிழந்தனர். இருளிலும் மூடுபனியிலும் கண்ணுக்குப் புலப்படாததை ஒலியால் அறியலாம் எனப் பெசன்டன் கருதினார். பொஸ்ரன் நகரக் கம்பனியொன்றில் சேர்ந்து, மின்னால் அதிர்ந்து நீருக்குள் ஒலியெழுப்பும் கருவியை அமைத்தார். அவ்வொலி பொருளில் பட்டுத் தெறித்து எதிரொலியாக மீளும். நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர். எதிரொலி 4 செக்கனில் வந்தால் தூரம் 3000 மீற்றர். (போய்வரும் நேரமாதலால் இரண்டால் வகுக்க வேண்டும். பலர் புள்ளி இழப்பது இங்கேதான்.)

1914 ஏப்ரலில் மியாமி என்னும் கப்பலில் இக்கருவி பரிசோதிக்கப்பட்டது. ஏறத்தாழ 3 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த பனிப்பாறையின் எதிரொலி கிடைத்தது. கடலடியின் எதிரொலியும் கூடவே கேட்டது.

கடலடியில் தெறிக்கும் ஒலி நிலத்தடியிலும் தெறிக்கும் அல்லவா? 1917இல், கனியப் படிவுகளை ஒலியலையால் கண்டறியும் முறைக்குப் பெசன்டன் காப்புரிமை பெற்றார். 1921இல் காச்சர் முதலியோர் ஒக்லகோமாவில் வெடிவைத்து, பாறைப் படைகளில் தெறித்து வந்த அலைகளைப் பதிவு செய்தனர். இன்றைய எண்ணெய்த் தேடலின் அடிப்படை இதுவே. இங்கு ஒன்றைக் கவனிக்க: அலைகள் எண்ணெயை நேரே காட்டுவதில்லை. எண்ணெயும் வாயுவும் தங்கக்கூடிய படைகளின் வடிவத்தையே காட்டும். உள்ளே இருப்பது எதுவெனத் துளையிட்டே அறிய வேண்டும். எமக்கு அண்மையிலுள்ள மன்னார்க் கடற்படுகையிலும் முதலில் அலைகளால் ஆராய்ந்து, 2011இல் துளையிட்டபோது இயற்கை வாயு காணப்பட்டது.

பெசன்டனின் நீண்ட வழக்கு 1928இலேயே தீர்ந்து, அவருக்குப் பெருந்தொகை கிடைத்தது. அதன்பின் நான்கே ஆண்டுகள் வாழ்ந்து, 1932 யூலை 22ஆம் திகதி பேர்முடாத் தீவில் காலமானார்.