எஸ். பாலச்சந்தர்

எஸ். பாலச்சந்தர் (ஜனவரி 18, 1927 – ஏப்ரல் 13, 1990) தமிழ்த் திரைப்பட இயக்குனரும் வீணைக் கலைஞரும் ஆவார். வீணை பாலச்சந்தர் என்றே பரவலாக அறியப்படுகிறார். பெயர் ஒற்றுமையால் இயக்குனர் கே. பாலச்சந்தருடன் இவரைக் குழப்பிக்கொள்வதுண்டு, இருவரும் வேறானவர்கள். தமிழில் மர்மப் படங்களுக்கு வழி வகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமை

சென்னையில் பிறந்தார். 1934 இல் வெளிவந்த சீதா கல்யாணம் படத்தில் தந்தை சுந்தரம் ஐயர் ஜனகராகவும், தமையன் எஸ். ராஜம் ராமராகவும், தமக்கை ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். சிறுவனான பாலச்சந்தர் இராவணன் அவையில் இசைக்கலைஞராகத் தோன்றினார். உடன்பிறந்தோர் ராமர், சீதை வேடங்களில் நடித்தது அந்நாளில் கண்டனத்துக்கு உள்ளானது.

இயக்குனராக

என் கணவர் (1948), கைதி (1951) ஆகிய படங்களை இயக்கிய பின், அகிரா குரோசாவாவின் ரஷோமோன் படத்தின் தாக்கத்தில் ஒரு நாடகம் எழுதினார். அகில இந்திய வானொலி அதனை ஏற்கவில்லை. ஏவிஎம் நிறுவனம் அக்கதையை அந்த நாள் (1954) என்ற படமாகத் தயாரித்தது. திரைக்கதையை ஜாவர் சீதாராமன் எழுதினார். 1943 இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய மறுநாள் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கதை சொல்கின்றனர். வேறொரு நடிகரை வைத்து ஓரளவு படமாக்கிய பின்னரே சிவாஜி கணேசன் நாயகனானார். நாயகன் தேசத்துரோகி என்பதும், அவனைச் சுட்டவள் மனைவி என்பதும் அக்காலத்துக்குத் துணிச்சலான முடிவுகள். பாடல்களே இல்லாத முதல் தமிழ்ப் படமும் இதுவே. இசையில் தேர்ந்த ஒருவர் பாடல்களைத் தவிர்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. முதல் வெளியீட்டில் படம் வணிக வெற்றி பெறவில்லை.

பொம்மை (1964) படத்தில் வெடிகுண்டு மறைத்த பொம்மை ஒன்று கைமாறிக்கொண்டே செல்கிறது. இம்முறை பாடல்கள் இருந்தன, இசையமைத்தவரும் பாலச்சந்தரே. பின்னணிப் பாடகர் யேசுதாஸ் தமிழுக்கு அறிமுகமானதும் இப்படத்தில்தான். முடிவில் கலைஞர்களையும் தொழில்நுட்பக் குழுவினரையும் திரையில் நேரில் அறிமுகப்படுத்தியது புதுமையாகும். அகதா கிறிஸ்டியின் புதினத்தைத் தழுவிய நடு இரவில் (1970) படத்துக்குப் பின் திரைத்துறையை விட்டு விலகினார்.

வீணை

குருவின்றித் தாமே வீணை பயின்றவர். 72 மேளகர்த்தா இராகங்களையும் இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். 1982 இல் பத்ம பூஷண் விருது பெற்றார். சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் அவர் இயற்றியவை அல்ல என்று வாதிட்டு, இசையுலகில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1990 இல் பிலாய் நகரில் காலமானார்.