செடிகளிடம் கணக்குக் கேட்டவர்

நீரியல் பாடத்தில் நீர்ச் சமநிலையைப் படிக்கத் தொடங்கியபோது என்னைக் கவர்ந்தவர் ஜார்ஜ் கோய்டர். 1826இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து, 1851இல் தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வந்தவர்.

நீர்ச் சமநிலை வரவு செலவுக் கணக்கு போன்றதுதான். மழை வரவு. ஆவியாவதும், செடிகள் உறிஞ்சி வெளிவிடுவதும், வழிந்தோடுவதும் செலவு. மண்ணில் தங்குவது மிச்சம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் கோலாலம்பூரில் அந்தச் செலவை நாம் கவனிப்பதே இல்லை. அடிலெய்டுக்கு வடக்கே உள்ள வறண்ட நிலத்தில் மழை அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அங்கே பயிரின் தலைவிதியை முடிவு செய்வதே செலவுதான்.

1857இல் வடக்கே சென்ற கோய்டர், நன்னீர் நிறைந்த ஏரியைக் கண்டதாக அறிக்கை தந்தார். சில மாதங்கள் கழித்து மேலதிகாரி ஃப்ரீலிங் அங்கே போனபோது இருந்தது ஆழமற்ற நீரும் சேறும்தான். கோய்டர் பார்த்தது ஒரு மழையின் வரவை மட்டுமே.

1861இல் அவர் தலைமை நில அளவையாளரானார். 1865இல் கடும் வறட்சி. அது எதுவரை பரவியது என்று கண்டறிய, குதிரையில் சுமார் 3,200 கிலோமீட்டர் பயணம் செய்தார். மழைப் பதிவுகள் குறைவு என்பதால் இம்முறை செடிகளைப் பார்த்தார். குட்டை யூகலிப்டஸ் மரங்கள் முடிந்து உப்புப்புதர்கள் தொடங்கும் இடங்களை இணைத்து ஒரு கோடு வரைந்தார். பல்லாண்டுக் கணக்கை அந்தச் செடிகள் எழுதி வைத்திருந்தன. கோட்டுக்கு வடக்கே மேய்ச்சல் மட்டுமே சரிப்படும் என்றார்.

அடுத்து நல்ல மழை பெய்தது. உழுத இடத்துக்கு மழை தேடி வரும் என்று மக்கள் நம்பினார்கள். 1874இல் அரசு கோட்டைக் கைவிட்டது. குடும்பங்கள் வடக்கே போய்க் கோதுமை விதைத்தன. 1880களில் வறட்சி திரும்பியது. விளைச்சல் பொய்த்துப் பலர் வெளியேறினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கல்வீடுகளின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன.

கோய்டர் 1898இல் மறைந்தார். இன்று நாம் அதே கணக்கைக் கணினி மாதிரிகளில் நாள்தோறும் போடுகிறோம். ஆனால் நண்பர்களே, நல்ல மழை பெய்த சில ஆண்டுகளின் தரவை மட்டும் கொடுத்தால், எவ்வளவு திறமையான கணினியும் 1874இன் முடிவையே நமக்குத் தரும்.