அகதியான பிரதமர் நித்தி

ஒரேத்தோ பக்கம் வீட்டு வேலை செய்யும் எம்மவர்களுக்கு நாஸ்பி என்ற சொல் நன்றாகத் தெரியும். வேலை நின்றதும் பத்ரொனாத்தோவுக்கு ஓடுகிறோம். அது அரசாங்கம் இரங்கித் தரும் பணம் என்று நினைப்பவர்கள் இன்னும் பலர். இல்லை, அது காப்புறுதி. எங்கள் உழைப்பின் பேரில் இன்ப்ஸுக்குக் கட்டப்பட்ட பணத்தால் வரும் உரிமை. இத்தாலியில் அதை ஆலைத் தொழிலாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் கட்டாயமாக்கிய பிரதமர், பிற்காலத்தில் எங்களைப் போலவே நாடு விட்டு ஓடி இருபது வருடம் அந்நிய மண்ணில் வாழ்ந்தவர்.

பிரான்செஸ்கோ சவேரியோ நித்தி 1868 யூலை 19 அன்று தெற்கே பசிலிக்காத்தாவின் மெல்பி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் கரிபால்டியின் படையில் நின்ற கணித ஆசிரியர். வசதி இல்லாத குடும்பம். நாப்போலியில் சட்டம் படித்துக்கொண்டே பத்திரிகைகளுக்கு எழுதிச் சம்பாதித்தார். அந்தக் காலத்தில் தென்பகுதி ஏழைகள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். கூலியாள் கிடைக்காமற் போகும் என்று பயந்த நிலவுடைமையாளர்கள் அதைத் தடுக்கச் சொன்னார்கள். போகிறவர்கள் பக்கம் நின்று நித்தி 1888 இல் நூல் எழுதினார். வயது இருபது.

1900 இல் அவர் எழுதிய நூலைப் பற்றிச் சொல்லும்போது, கணக்குப் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம். அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குகளை எடுத்துவைத்து, தெற்கு எவ்வளவு வரி கட்டியது, அதற்கு எவ்வளவு திரும்பி வந்தது என்று காட்டினார். மேடையில் முழங்காமல் பேரேட்டைத் திறந்து நியாயம் கேட்டவர் அவர். நாப்போலிப் பல்கலைக்கழகத்தில் நிதியியல் பேராசிரியர், 1904 இல் பாராளுமன்ற உறுப்பினர், 1911 இல் அமைச்சர். அடுத்த வருடமே ஆயுட்காப்புறுதிக்கு அரச நிறுவனம் ஒன்றை அமைத்தார்.

1919 யூனில் பிரதமரானார். முதலாம் உலகப் போர் முடிந்து, படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை இல்லை. செப்டம்பரில் கவிஞர் தனுன்சியோ ஆயுதபாணிகளோடு பியூமே நகரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் 1919 ஒக்டோபர் 19 ஆணை வந்தது. ஆலைத் தொழிலாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் வேலையில்லாக் காப்புறுதி கட்டாயம். முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதி கட்டவேண்டும். தன் விருப்பமின்றி வேலை இழந்தவருக்கே பணம்.

விருப்பமின்றி என்ற அந்த நிபந்தனை 2015 இல் வந்த நாஸ்பியிலும் அப்படியே இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், பார்த்துவந்த அம்மா முதியோர் இல்லத்துக்குப் போனதும், மகன் கேட்டார் என்பதற்காகத் தானாக விலகுவதாகக் கையெழுத்து வைத்தார். மரியாதைக்காகச் செய்தது. ஒரு சதமும் கிடைக்கவில்லை. சம்பளம் தராதது போன்ற தக்க காரணம் இருந்தால்தான், தானாக விலகியவர் கேட்கலாம். வேலை முடிந்து 68 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். முதல் எட்டு நாளுக்குள் கொடுத்தால் எட்டாம் நாளிலிருந்து பணம், பிந்தினால் விண்ணப்பித்த மறுநாளிலிருந்து. கடந்த நாலு வருடத்தில் 13 வாரக் கட்டணம் இருக்கவேண்டும். வீட்டு வேலையில் 24 மணித்தியாலத்துக்குக் கட்டினால்தான் முழு வாரமாக எண்ணுவார்கள். முழு நாளும் வேலை வாங்கிவிட்டுக் குறைந்த மணித்தியாலத்தைப் பதியும் வீட்டில் நாங்கள் இழப்பது இதைத்தான். எங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. வேலைவாய்ப்பு நிலையம் கூப்பிட்ட நாளில் போகவேண்டும். காரணமில்லாமல் தவறினால் முதல் முறை கால் மாதப் பணம் வெட்டு, மூன்றாம் முறை எல்லாமே போய்விடும். புது வேலை கிடைத்தால் ஒரு மாதத்துக்குள் இன்ப்ஸுக்கு வருமானத்தை அறிவிக்கவேண்டும். பதியாமல் வேலை செய்துகொண்டு பணமும் எடுப்பதைக் கெட்டித்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். பிடிபட்டால் எடுத்ததைத் திருப்பிக் கட்டவேண்டிவரும்.

நித்தியின் அரசு 1920 யூனில் கவிழ்ந்தது. 1922 இல் முசோலினி வந்தார். 1923 நவம்பரில் பாசிசக் கும்பல் உரோமில் நித்தியின் வீட்டைத் தாக்கியது. அடுத்த மாதமே இன்னோர் ஆணையால் விவசாயத் தொழிலாளர் அந்தக் காப்புறுதியிலிருந்து நீக்கப்பட்டார்கள். எங்கள் சிசிலி போன்ற இடங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. 1949 இல்தான் அவர்களுக்கு அது திரும்பக் கிடைத்தது.

1924 இல் நித்தி குடும்பத்தோடு சூரிச்சுக்கும் பிறகு பாரிசுக்கும் போனார். பிரதமராக இருந்தவர் புத்தகமும் கட்டுரையும் எழுதிப் பிழைத்தார். வீட்டுக் கதவு நாடிழந்தவர்களுக்குத் திறந்தே இருந்தது. பலெர்மோவிலிருந்து அதிக தூரமில்லாத லிபாரித் தீவில் சிறைவைக்கப்பட்டிருந்த அவரது உறவினர் பவுஸ்தோ நித்தி, 1929 யூலையில் இரண்டு தோழர்களோடு படகில் தப்பி அங்கே போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் படித்தார்கள். மகன் பெதெரிக்கோ பாரிசின் பஸ்தேர் நிறுவனத்தில் சல்பா மருந்து ஆராய்ச்சியில் பங்கெடுத்தார். மகள் பிலோமேனா உயிர்வேதியியலாளர். அவரை மணந்த தானியேல் போவே 1957 இல் நோபல் பரிசு பெற்றார்.

1943 இல் ஜேர்மனியர் நித்தியைக் கைதுசெய்து ஆஸ்திரியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1945 இல் விடுதலையாகி நாடு திரும்பினார். அரசியலமைப்புச் சபைக்குத் தெரிவானார். அந்தச் சபை எழுதிய சட்டத்தின் 38 ஆம் உறுப்புரையில், விருப்பமின்றி வேலையிழந்த தொழிலாளிக்கு வாழ்வதற்கான வழி உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் 1958 முதல் சேமலாப நிதி உண்டு, வேலையில்லாக் காப்புறுதி இன்றைக்கும் இல்லை.

நித்தி 1953 பெப்ரவரி 20 அன்று உரோமில் காலமானார்.