கணிப்பொறிக்குக் கைகாட்டி தந்த அறிஞர்

விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மாயவரம் செல்லும் இருப்புப்பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தை நம் பெற்றோர் பலர் அறிவர். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் அதில் நுழைந்துவிட்டால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே வளையத்தில் கோத்த டோக்கன் ஒன்று ஓட்டுநர் கையில் கொடுக்கப்படும். அதைப் பெற்றவரே அந்தப் பகுதிக்குள் செல்லலாம். கைகாட்டி மரத்தின் கை நீட்டியபடி நின்றால் வண்டி காத்திருக்கும், இறங்கினால் நகரும். இந்தக் கைகாட்டியின் பெயரையே தாம் கண்ட ஒரு கணக்கு முறைக்குச் சூட்டி, கணிப்பொறி உலகில் அழியாப் புகழ் பெற்றவர் ஹாலந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

டைக்ஸ்ட்ரா 1930-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர். தாயார் கணிதம் கற்றவர். எங்கும் பணிக்குச் சென்றவரல்லர். மகனின் அறிவுக்கு அடித்தளம் இட்டவர் அந்த அம்மையாரே என்று கூறலாம். திரிகோணமிதி கடினமானதா என்று மகன் ஒரு நாள் கேட்டபோது, வாய்பாடுகளை நன்றாகக் கற்றுக்கொள், ஒரு கணக்குக்கு ஐந்து வரிக்கு மேல் தேவைப்பட்டால் நீ வழி தவறிவிட்டாய் என்று அறிந்துகொள் என்று அவர் சொன்னாராம். பக்கம் பக்கமாக எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்று நம்பும் நமக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்!

சிறுவனுக்குப் பத்து வயது நிறைந்த மூன்றாம் நாள் ஜெர்மானிய விமானங்கள் ராட்டர்டாம் மீது குண்டு வீசி நகரின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கின. போர் முடிந்தபின் சட்டம் பயின்று ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டின் சார்பில் பணிபுரிய வேண்டும் என்று இளைஞர் டைக்ஸ்ட்ரா எண்ணியது உண்டு. ஆனால் லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் அவரை இழுத்துக்கொண்டன. 1951-இல் தேர்வில் தேறியதற்குப் பரிசாகத் தந்தை அவரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிவைத்தார். அங்கே மூன்று வாரங்கள் கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதப் பயின்றார். அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் வேலை கிடைத்தது. அந்நாளில் இதை ஒரு தொழிலாகவே யாரும் கருதவில்லை. 1957-இல் அவர் ரியா அம்மையாரை மணந்தபோது, மணப்பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று எழுத அதிகாரிகள் இணங்கவில்லை. அப்படியொரு தொழில் இல்லை என்று கூறி, இயற்பியலார் என்று பதிந்துகொண்டனராம்.

திருமணத்துக்கு முந்தைய ஆண்டு, வருங்கால மனைவியுடன் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மிகக் குறுகிய வழியைக் காணும் முறையை இருபதே நிமிடங்களில் காகிதமும் பேனாவும் இன்றி மனத்திலேயே வகுத்தார். இன்று செல்போன் வரைபடங்கள் நமக்கு வழி சொல்வதற்கு அம்முறையே அடிப்படை. பலர் டைக்ஸ்ட்ராவை இதற்காகவே அறிவர். ஆயினும் அவருடைய பெரும்பணி வேறு என்பதே எமது கருத்து.

அப்பணி ஓர் அச்சத்தில் தொடங்கியது. 1950-களின் பிற்பகுதியில் அவருடைய தோழர்கள் எக்ஸ்1 என்ற புதிய பொறியை வடிவமைத்தனர். நடந்துகொண்டிருக்கும் கணக்கை எந்த நொடியிலும் நிறுத்திவிட்டு வேறொரு வேலையைக் கவனிக்கும் ஆற்றலை அதற்குத் தர அவர்கள் விரும்பினர். டைக்ஸ்ட்ரா நடுங்கிப்போனார். நிறுத்தம் எந்த நொடியில் வரும் என்று யாரும் சொல்ல இயலாது. அதனால் விளையும் பிழை இன்று தோன்றும், நாளை தேடினால் அகப்படாது. மூன்று மாத காலம் தோழர்களையும் அச்சுறுத்தி அம்முடிவைத் தள்ளிப்போட்டார். பிறகு அவர்கள் புகழ்ந்து பேசியே இவரை இணங்கவைத்தனர்.

அந்த அச்சத்தின் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஆண்டு விழாவுக்கு நன்கொடை திரட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கூடத்துப் பலகையில் 500 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. ஒரு மாணவி அதைப் பார்த்துத் தான் கொணர்ந்த 20 ரூபாயை மனத்தில் கூட்டுகிறாள். அதே நேரத்தில் மற்றொருத்தியும் 500 என்று பார்த்துத் தன் 30 ரூபாயைக் கூட்டுகிறாள். முதலாமவள் அழித்து 520 என்று எழுதிச் செல்கிறாள். இரண்டாமவள் அதை அழித்து 530 என்று எழுதுகிறாள். பெட்டியில் இருப்பதோ 550. இருவரும் கூட்டலில் தவறவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஒரே பலகையை ஒரே நேரத்தில் கையாண்டதுதான் குற்றம்.

ஒருவர் பலகையருகே நிற்கையில் மற்றவர் வரக்கூடாது என்று விதித்தால் போதுமே எனத் தோன்றும். ஆனால் பலகைகளில் எழுதுவதையும் படிப்பதையும் தவிர வேறு தொடர்பே இல்லாத இருவர், இப்போது யார் முறை என்பதை எப்படி முடிவு செய்வது? வல்லவர் பலர் இதில் வழுக்கி விழுந்தனர். டெக்கர் என்ற கணித அறிஞர் இருவருக்கு மட்டும் ஒரு வழி கண்டார். எத்தனை பேராயினும் பொருந்தும் வழியை 1965-இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்டார். அக்கட்டுரை ஏறக்குறைய ஒரே பக்கம்தான். தாயார் சொன்ன ஐந்து வரி நினைவுக்கு வருகிறதல்லவா?

அப்போது அவர் ஐந்தோவன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே சிறு குழுவுடன் ஒரு கணிப்பொறியின் இயக்க அமைப்பை உருவாக்கினார். அதில் ஒன்றுக்கொன்று இடையூறின்றிப் பல பணிகள் நடந்தேற அவர் வகுத்ததே மேலே சொன்ன கைகாட்டி. ஆங்கிலத்தில் செமஃபோர் என்பர். மாணவர்களுக்குத் தேர்வில் அவர் கொடுத்த ஒரு கணக்கும், அது பின்னர் பெற்ற வடிவில், புகழ்பெற்றது. வட்ட மேசையைச் சுற்றி ஐந்து தத்துவஞானியர். இருவருக்கிடையே ஒன்றாக ஐந்தே முட்கரண்டிகள். உண்பதற்கோ ஒருவருக்கு இரண்டு வேண்டும். அனைவரும் ஒரே சமயத்தில் இடப்பக்கத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்துக்காகக் காத்திருந்தால் ஐவருமே பட்டினி. கரண்டியைக் கீழே வைக்க ஒருவரும் முன்வராத அந்த முட்டுக்கட்டையை எப்படித் தவிர்ப்பது என்பதே கேள்வி.

டைக்ஸ்ட்ராவின் 1965-ஆம் ஆண்டு வழியிலும் ஒரு குறை இருந்தது. யாரேனும் ஒருவர் உள்ளே செல்வது உறுதி. ஆனால் இன்னார் கட்டாயம் செல்வார் என்பதற்கு உறுதி இல்லை. தள்ளுமுள்ளில் ஓரமாக நிற்பவர் கடைசி வரை ஓரமாகவே நின்றுவிடக்கூடும். அடுத்த ஆண்டே அமெரிக்க அறிஞர் குனூத் அதைச் சரிசெய்தார். 1974-இல் லெஸ்லி லாம்போர்ட் என்பவர், மருத்துவமனையில் நாம் டோக்கன் எண் வாங்கிக் காத்திருப்பது போன்ற ஒரு முறையைக் கண்டார். எளியவருக்கும் முறை வந்தே தீரும் என்று கணிதத்தால் நிறுவ முடிந்ததை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

சோதனை செய்து பார்த்தோம், பிழை தென்படவில்லை, ஆகவே பிழை இல்லை என்ற வாதத்தை டைக்ஸ்ட்ரா ஒருபோதும் ஏற்றதில்லை. சரியென்று நிறுவிக் காட்டு என்பார். இவர் அளவுக்கு மீறிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எண்ணியவர் பலர். 1985 முதல் 1987 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்ததைக் கேளுங்கள். தெரக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பொறி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சியது. சிலர் உயிரிழந்தனர். இயக்குபவர் திரையில் விரைவாகத் திருத்தம் செய்யும்போது, பொறிக்குள் ஒரே நேரத்தில் நடந்த இரு பணிகள் ஒன்றையொன்று கவனியாமல் போனது அதற்கு ஒரு காரணம். நம் பலகைக் கணக்கில் போனது 20 ரூபாய். அங்கே போனது மனித உயிர்.

1972-இல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 1984-இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, ஆஸ்டின் நகர டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் 1999 வரை கற்பித்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் 1965-இல் பட்டம் பெற்ற மணி சாண்டியும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜெயதேவ் மிஸ்ராவும் அப்பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர்கள். ஐந்து ஞானியரின் கணக்கை விரிவாக்கி அவ்விருவரும் 1984-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடமாக உள்ளது.

கணிப்பொறி மேதையான இவர் நெடுங்காலம் தமக்கென ஒரு கணிப்பொறி வைத்துக்கொள்ளவில்லை. ஊற்றுப்பேனாவால் அழகிய கையெழுத்தில் எழுதுவார். அக்குறிப்புகளை நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்கள் மேலும் நகலெடுத்துப் பிறருக்கு அனுப்புவர். அவ்வாறு எழுதியவை 1,300-க்கும் மேல். நாவும் கூர்மையானதே. பிறர் உழைப்பை ஒரே சொல்லில் தூக்கி எறிந்த நேரங்களும் உண்டு. அதை நாம் போற்றவில்லை.

அவர் ஓய்வுபெற்ற காலத்தில் பொறிகளே மாறிக்கொண்டிருந்தன. ஒரே மூளையை மேலும் மேலும் விரைவாக்கினால் சில்லு சூடேறிப் பயனற்றதாகிவிடும் என்ற நிலை வந்தது. 2001-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஒரே சில்லில் இரு மூளைகளை வைத்தது. 2005-இல் வீட்டுக் கணிப்பொறிகளுக்கும் அது வந்தது. இன்று அம்மாவின் செல்போனில் எட்டு மூளைகள் இருந்தாலும் வியப்பில்லை. அவை அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு சிலர் மட்டும் அறிந்திருந்த பலகைக் கணக்கு எல்லாப் பொறிகளின் அன்றாடக் கணக்காகிவிட்டது.

2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் ஹாலந்தின் நூனன் என்ற ஊரில், தம் இல்லத்தில், புற்றுநோயால் டைக்ஸ்ட்ரா காலமானார். குழப்பத்தில் விழுந்த அமைப்பு தானே ஒழுங்குக்குத் திரும்புவதைப் பற்றி அவர் 1974-இல் எழுதிய கட்டுரைக்கு அவ்வாண்டுதான் ஒரு பரிசு வழங்கப்பட்டது. மறு ஆண்டு முதல் அப்பரிசே அவர் பெயரைத் தாங்கியது. 2003-இல் அதைப் பெற்றது மாரிஸ் ஹெர்லிஹியின் கட்டுரை. பூட்டே இல்லாமல், ஒருவருக்காக மற்றவர் காத்திராமல், பொதுப் பொருளைக் கையாள எவை தேவை என்று ஆராய்ந்தது அது. 2006-இல் பெற்றவர்கள் மெல்லர்-கிரம்மியும் ஸ்காட்டும். பல மூளைகளும் ஒரே பூட்டை மொய்த்து நிற்காமல், வரிசையில் நின்று, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தை மட்டும் பார்த்திருக்க, முன்னால் நிற்பவர் வெளியேறும்போது பின்னால் நிற்பவரைத் தொட்டு அழைக்கும் முறை அவர்களுடையது.