ஸர் ஆர்தர் காட்டனும் காவிரி நாடும்

ஜெர்மனி தேயத்தில் ரைன் நதிக்கரைக் குன்றுகள் படிப்படியாக வெட்டப்பட்டிருப்பது, திராட்சரசம் பிழியும் மாந்தர் பன்னூற்றாண்டுகளாகச் செய்த வேலை. நம் காவிரி நாட்டை அங்ஙனம் உருவாக்கியது நெல். வரப்புயர்த்தி நீர் தேக்கிச் சேற்றில் நடும் பயிராதலின், அதன்பொருட்டுத் தஞ்சைச் சீமை முழுவதும் சமனாக்கப்பட்டது. ஆறு வாய்க்காலாகவும், வாய்க்கால் கன்னியாகவும் பிரிந்தது. இயற்கைபோலத் தோன்றும் அவ்வயல்வெளி உழவர் கைவேலையே. அது குலையுந் தறுவாயிற் காக்க முன்வந்த ஓர் ஆங்கிலேயரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் பிறந்தார். அடிஸ்கோம்பில் கம்பெனியார் நடத்திய இராணுவப் பள்ளியிற் பயின்று, 1821-இல் சென்னை வந்தார். சில ஆண்டுகளில் காவிரிப் பகுதியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்பொழுது அவருக்கு வயது முப்பது நிரம்பவில்லை.

அந்நாளில் காவிரிக்கு நேர்ந்த நோய் யாது? திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. வடகிளையாகிய கொள்ளிடம் தாழ்ந்தது. தென்கிளையாகிய காவிரி மேடானது. ஆண்டுதோறும் வண்டலும் மணலும் படிந்து காவிரியின் படுகை மேன்மேலும் உயர, வெள்ளம் கொள்ளிடத்தையே நாடிக் கடலுக்கு ஓடிற்று. உழவர் மணலை வாரி வாரி அலுத்தனர். நீரின்றேல் நாற்றங்கால் ஏது? நடவு ஏது?

பரிகாரம் கொள்ளிடத்தின் தலைப்பில் அணையிடுவதே. ஆனால் அங்கே பாறை இல்லை. தோண்டத் தோண்ட மணலே. மணலின்மேல் கட்டிய வீடு விழுமென்பது வேதாகமம் கற்ற நாம் சிறுபிராயமுதல் கேட்டது; காட்டனும் கேட்டிருப்பார். எனினும் சில காதம் கிழக்கே கரிகாற்சோழன் அமைத்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் கல்லணை, 1080 அடி நீளமாக, மணலின்மேலேயே நின்றது. காட்டன் அதனை ஆராய்ந்தார். பெருங்கற்களை மணலில் அமிழவிட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களையிட்டு, களிமண் சேர்த்து எழுப்பிய முறை அவருக்குப் புலனாயிற்று. தாம் கற்றது இந்நாட்டுப் பழைய கட்டுமானத்திடமே என்பதை அவர் பிற்காலத்தில் ஒளியாது எழுதினார். முன்னோர் கட்டியவற்றைப் பேணவும் அறியாதவரென்று மக்கள் தம்மவரை இகழ்ந்ததையும் சேர்த்தே எழுதினார். இந்நேர்மையே அவரிடம் நாம் பெரிதும் மதிப்பது.

1836-இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையும் எழுந்தன. மேலணை ஏறக்குறைய 750 கெஜம் நீளமுடையது. கீழணையால் வீராணம் ஏரியும் நீர் பெற்றது. கம்பெனியார் பொருள் செலவிட்டது உழவர்மேல் வைத்த அருளாலன்று, நிலவரி குறையுமென்னும் அச்சத்தால் என்பதையும் மறைத்தல் தகாது.

அணை கட்டியதோடு வேலை முடிந்ததா? இல்லை. இப்பொழுது காவிரியில் நீர் மிகுந்து படுகையையும் கரையையும் அரிக்கத் தொடங்கிற்று. ஆகவே மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் வாயிலில் படுகைக்குக் குறுக்கே சுவர் எழுப்பவும் நேர்ந்தது. ஆற்றின் போக்கை ஒருமுறை கணித்து ஓய்ந்திருக்க முடியாதென்பதைக் காட்டன் கூட்டத்தார் இவ்வாறு கற்றனர்.

பின்னர் அவர் கோதாவரி சென்று, 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் பேரணை கட்டியது யாவரும் அறிந்ததே. அங்குள்ளார் அவருக்குச் சிலைகள் நாட்டியுள்ளனர். காவிரி நீரில் விளைந்த சோற்றை உண்ணும் நம் தோழருள்ளோ அவர் பெயரறிந்தார் சிலரே. 1861-இல் ஸர் பட்டம் பெற்றார். இருப்புப்பாதையினும் நீர்வழியே இந்நாட்டிற்கு நலமென்று வாதாடிப் பலரது பகையைத் தேடிக்கொண்டார். முதுமையில் தம் தோட்டத்தில் ஆழ உழுது பயிரிட்டுப் பார்ப்பதில் பொழுது போக்கினார். 1899-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள் டார்க்கிங் நகரில் காலமானார்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. பின்பு புதிய கதவணை கட்டப்பட்டது. அவருக்கு ஆசானாயிருந்த கல்லணையிலோ அவ்வாண்டும் காவிரிக்கும் வெண்ணாற்றிற்கும் நீர் பிரிந்து சென்றது.