வாயில்லா உயிர்களின் காவலர்

ஹூக்ளி ஆற்றுக்கு மேற்கே ஹவுராவில் சிப்பூர்த் தாவரவியல் பூங்காவும், கிழக்கே கொல்கத்தா நகரில் அலிப்பூர் உயிரியல் பூங்காவும் உள்ளன. ஒன்றின் தலைவர் செய்த உதவியால், மற்றொன்றில் ஓர் இளைஞரின் வாழ்வு மலர்ந்தது. அவரே ராம் பிரம்ம சன்யால்.

வங்காளத்தைச் சேர்ந்த சன்யால், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கண் நோயால் பார்வை குன்றியதால், படிப்பைப் பாதியில் கைவிட நேர்ந்தது. மருத்துவராகும் வாய்ப்பு நழுவியது.

அக்கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர் ஜார்ஜ் கிங். அவரே சிப்பூர்ப் பூங்காவின் கண்காணிப்பாளர். 1876ஆம் ஆண்டு அலிப்பூரில் தொடங்கப்பெற்ற உயிரியல் பூங்காவை உருவாக்குவதிலும் அவர் பங்கு கொண்டார். தம் மாணவருக்கு அங்கே ஒரு சிறு பணியைப் பெற்றுத் தந்தார். வேலையாட்களை மேற்பார்வையிடுவதே அப்பணி.

எந்த விலங்கு எதனை விரும்பி உண்ணும்? வெயிலையும் மழையையும் எவ்வாறு தாங்கும்? நோயுற்றால் யாது செய்வது? இவற்றை விளக்கும் வழிகாட்டி நூல் அந்நாளில் இல்லை. எனவே சன்யால் விலங்குகளையே உற்றுநோக்கிக் கற்றார். கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதினார். மருத்துவக் கல்லூரியில் பெற்ற அறிவும் கைகொடுத்தது. படிப்படியாக உயர்ந்து, பூங்காவின் கண்காணிப்பாளரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

1889ஆம் ஆண்டு அப்பூங்காவில் சுமத்ராக் காண்டாமிருகம் ஒன்று கன்று ஈன்றது. மனிதர் பராமரிப்பில் அவ்வினத்தின் அடுத்த கன்று பிறக்க 112 ஆண்டுகள் ஆயின. 2001இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அது பிறந்தது. சன்யாலின் பணி எத்துணை அரியது என்பதை இது உணர்த்தும்.

தம் குறிப்புகளைத் தொகுத்து, விலங்குகளைப் பேணும் முறை பற்றிய ஆங்கில நூலை 1892இல் வெளியிட்டார். அயல்நாட்டு அறிஞரும் அதனைப் போற்றினர். ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள விலங்குக் காட்சிச்சாலைகளையும் கண்டு வந்தார். 1908இல் மறைந்தார்.

மனிதர்க்கு மருத்துவராக இயலாத சன்யால், நோவைச் சொல்லத் தெரியாத உயிர்களின் காவலரானார். ஒரு வழி அடைபட்டபோது அவர் சோர்ந்து அமரவில்லை. கிடைத்த சிறு பணியைப் பெரும்பணி ஆக்கினார்.

சொற்பொருள்
குன்றுதல் – குறைதல்
ஈன்றது – பெற்றது
பேணுதல் – பாதுகாத்தல்
நோவு – வலி

விடை எழுதுக
1. சன்யால் மருத்துவப் படிப்பைக் கைவிட்டது ஏன்?
2. ஜார்ஜ் கிங் அவருக்கு எவ்வாறு உதவினார்?
3. குறிப்பெழுதும் பழக்கம் சன்யாலுக்கு எவ்வாறு பயன்பட்டது?

செய்து பார்க்க
உம் வீட்டருகே காணும் ஒரு பறவையை ஏழு நாள் உற்றுநோக்கி, நாள்தோறும் இரண்டு தொடர்கள் எழுதுக.